மெஷின் பிழை விடாது: நம்பிப் பழக ஒரு கையேடு

உள்ளே ‘போர்ட்’ இருக்கிற எந்தப் பொருளையும் வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும் இந்தக் கையேடு. நம்மூரான நற்பிட்டிமுனையில் அப்படிப்பட்ட பொருள் ஒன்றாவது இல்லாத வீட்டை இனித் தேடித்தான் பிடிக்க வேண்டும். சீனி பார்க்கிற மீற்றர், பிரசர் மெஷின், உடுப்புக் கழுவுகிற மெஷின், வாப்பாவின் காதுக்குள் இருக்கும் கேட்கும் கருவி, பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேரம் காட்டும் சிவப்பெழுத்துப் பலகை, எல்லாவற்றுக்குள்ளும் யாரோ எழுதிய ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. எதை நினைத்து எழுதினார்கள் என்பது வாங்கியவருக்குத் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. பழுதானால் கல்முனை பஸாரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அங்கே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று கிடைக்கும். “போர்ட் போயிட்டு காக்கா.” அல்லது, “சொஃப்ட்வெயார் அடிக்கணும்.” இரண்டுக்கும் விலை உண்டு, விளக்கம் கிடையாது.

மென்பொருளை நம்பி ஓடும் கருவிகளின் பாதுகாப்பு ஒரு தனிப் படிப்பு. மருத்துவக் கருவிக்கு ஐஇசி 62304, விமானத்துக்கு டிஓ-178சி, வாகனத்துக்கு ஐஎஸ்ஓ 26262 என்று தரநியமங்கள் இருக்கின்றன. மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் நான்சி லெவிசன் எழுதிய தடித்த புத்தகங்கள் இருக்கின்றன; அவற்றில் ஒன்றை இணையத்தில் காசில்லாமலே வாசிக்கலாம். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமே இருக்கிறது. இவ்வளவுக்கும் நேரமில்லாத பெரும்பான்மையோருக்காகத்தான் கீழே உள்ள குறுக்குவழிகள். இவை நான் யோசித்துக் கண்டுபிடித்தவை என்று பெருமைப்பட ஏலாது. ஒவ்வொன்றையும் பெரிய நிறுவனங்கள் சொந்தச் செலவில் செய்து பார்த்திருக்கின்றன. பெறுபேறுகள் விசாரணை அறிக்கைகளில் அச்சாகியிருக்கின்றன.

முதலாம் பாடம்: “அப்படி நடக்கவே ஏலாது” என்று சொல்லப் பழகுங்கள்

இந்தப் பாடத்தில் அதிவிசேட சித்தி பெற்றது கனடாவின் அரச நிறுவனமான அடொமிக் எனர்ஜி ஒஃப் கனடா. புற்றுநோயாளருக்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் ‘தெராக்-25’ என்ற மெஷினை அது செய்து விற்றது. நம் சனம் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ் ஏறிப் போய்ப் பெற்றுவரும் அதே வகைச் சிகிச்சை. 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 பேர் மீது இந்த மெஷின் அளவுக்குமீறிய கதிரைப் பாய்ச்சியது. உயிர்கள் போயின.

முதல் சம்பவம் ஜோர்ஜியா மாநிலத்தின் மரியெட்டாவில். மெஷின் தன்னைச் சுட்டுவிட்டது என்று நோயாளி அங்கேயே சொன்னார். அப்படி நடக்க வழியில்லை என்று பதில் கிடைத்தது. ஆஸ்பத்திரியின் பௌதிகவியலாளர் கம்பனியிடம் கேட்டார். சில நாள் கழித்து அங்கிருந்தும் அதே பதில்.

இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது? 1983 இல் கம்பனி செய்த பாதுகாப்பு ஆய்விலிருந்து. மென்பொருள் தேயாது, களைக்காது, பிரதியெடுத்தாலும் கெடாது என்ற நினைப்பில், மென்பொருளில் இருக்கக்கூடிய பிழைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆனாலும் கொம்பியூட்டர் பிழையான சக்தியளவைத் தெரிவுசெய்ய எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள்: பத்தாயிரம் கோடியில் ஒன்று. அந்த எண்ணுக்கு எப்படி வந்தார்கள் என்பதற்கு மட்டும் விளக்கம் இல்லை.

1985 ஜூலையில் ஒன்டாரியோவின் ஹமில்டனில் இன்னொருவர் பாதிக்கப்பட்டார். திரையில் ‘கதிர் போகவில்லை’ என்று காட்டியதால் இயக்குநர் மறுபடி மறுபடி பாய்ச்சினார். கம்பனி இம்முறை ஒரு சின்ன சுவிட்சில் சந்தேகப்பட்டது. அதுதான் காரணம் என்று அவர்களால் காட்ட முடியவில்லை, அதனால் என்ன? சுவிட்சைச் சுற்றித் திருத்தங்கள் செய்து, பாதுகாப்பு குறைந்தது ஒரு இலட்சம் மடங்கு கூடிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற நான்கு பேரும்.

நீங்களும் இதைச் செய்யலாம். விற்கிற சாமானைப் பற்றி யாராவது கேட்டால் “நல்ல சாமான்” என்று சொல்லி நிறுத்தாதீர்கள். “99.99 சதவீதம்” என்று சொல்லுங்கள். புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்களைக் குறுக்குக்கேள்வி கேட்க நம்மூரில் ஆள் குறைவு. கனடாவிலும் குறைவாகத்தான் இருந்திருக்கிறது.

இரண்டாம் பாடம்: பழைய பூட்டைக் கழற்றி எறியுங்கள்

தெராக்-25 க்கு முந்திய மாதிரி தெராக்-20. அதில் கதிர் பாயும் அமைப்பு சரியில்லை என்றால் சுற்றையே துண்டித்துவிடும் தனிப் பூட்டுகள் இருந்தன. மென்பொருள் என்ன சொன்னாலும் அவை கேட்காது. 25 வந்தபோது அந்தக் காவல் வேலையையும் மென்பொருளிடமே கொடுத்துவிட்டு, பல பூட்டுகளை விட்டுவிட்டார்கள்.

உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். யாரிடமும் அனுமதி கேட்காது, அப்டேட் கேட்காது. மாரியில் சுவர் ஊறினால் விழும், கலியாண வீட்டில் சமையல் பாதியில் நிற்கும்போது விழும். அப்போது வயர் வேலை தெரிந்த தம்பி ஒருவர் வந்து, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே ஒரு கம்பியைக் கொடுத்துவிட்டு, “இப்ப சரி மாமி, இனி விழாது” என்பார். உண்மைதான், இனி விழாது. தெராக்-25 ஐ வரைந்தவர்கள் செய்ததும் அந்தத் தம்பியின் வேலைதான். அவர்கள் கொஞ்சம் கூடப் படித்தவர்கள், அவ்வளவே.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பிறகு தெரியவந்தது. 25 ஐக் குழப்பிய அதே பிழை 20 க்குள்ளும் இருந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் போர்கர் என்ற பௌதிகவியலாளர் ஒன்றைக் கவனித்தார்: புதிதாக மாணவர்கள் பயிற்சிக்கு வந்தவுடன் தெராக்-20 இன் ஃபியூஸ் அடிக்கடி போகும். பழகாத பிள்ளைகள் விசைகளைத் தாறுமாறாக அழுத்துவார்கள், மென்பொருள் குழம்பும், பூட்டு விழும், ஃபியூஸ் போகும். மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். 25 பற்றிய செய்தி வெளிவந்த பிறகுதான் அது தொல்லை கொடுக்கிற ஃபியூஸ் இல்லை, வேலை செய்கிற ஃபியூஸ் என்பது விளங்கியது. இந்தப் பாடத்தைப் பின்பற்றுகிறவர்கள் தொல்லை கொடுக்கும் எதையும் முதலில் கழற்றிவிட வேண்டும். யாரையாவது காப்பாற்றிக்கொண்டிருந்தது எது என்று பிறகு ஆறுதலாக அறிந்துகொள்ளலாம்.

மூன்றாம் பாடம்: எண் வந்தால் ‘பி’யைத் தட்டுங்கள்

மெஷின் ஏதாவது எண்ணைக் காட்டி நின்றால் பயப்படக் கூடாது. தெராக்-25 இல் ‘மல்ஃபங்ஷன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் வரும். சில நாட்களில் 40 தடவை வரை வந்திருக்கிறது. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயக்குநரின் கைநூலில் இல்லை. ‘தொடர்க’ என்பதற்கு ‘பி’ என்ற ஒரேயொரு விசை. தட்டினால் மெஷின் தொடரும். நாள் ஒன்றுக்கு 40 தடவை பொய்யாகக் கத்துகிற ஒன்றுக்கு 41 ஆவது தடவை யார் காது கொடுப்பார்கள்?

டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒரு புற்றுநோய் நிலையம். 1986 மார்ச் 21. நன்றாகப் பழகிய இயக்குநர் ஒருவர் நோயாளியின் விவரங்களை வேகமாகத் தட்டினார். இலத்திரன் கதிருக்கு ‘இ’ தட்ட வேண்டிய இடத்தில், எக்ஸ்ரேக்கான ‘எக்ஸ்’ விழுந்துவிட்டது. மேல்நோக்கிய அம்பு விசையால் போய்த் திருத்தினார், மற்ற இடங்களை ‘என்டர்’ அடித்துத் தாண்டி வந்தார். சில விநாடி வேலை. மெஷினின் காந்தங்கள் இடம்பிடிக்கச் சுமார் 8 விநாடி எடுக்கும். அந்த 8 விநாடிக்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவில்லை. திரை திருத்தியதைக் காட்டியது. உள்ளே எக்ஸ்ரேக்கான கடும் கதிர், இடையில் தடுக்க எதுவும் இல்லாமல் தயாராக நின்றது.

பாய்ச்சியவுடன் ‘மல்ஃபங்ஷன் 54’. திரையில், 202 அலகு கொடுக்க வேண்டிய இடத்தில் 6 மட்டும் போனதாகக் காட்டியது. இயக்குநர் ‘பி’யைத் தட்டினார். அறைக்குள் இருந்தவரைப் பார்க்கும் கேமராவின் வயர் அன்று செருகப்பட்டிருக்கவில்லை, பேசும் கருவியும் பழுது. முதல் அடியில் துடித்து எழும்ப முயன்றவருக்கு இரண்டாவதும் விழுந்தது. அவருக்கு எழுதப்பட்டிருந்தது 180 ராட். ஒரு நொடிக்குள் போனது 16,500 க்கும் 25,000 க்கும் இடையில் என்று பிறகு மதிப்பிட்டார்கள். 5 மாதத்தில் இறந்துபோனார்.

54 என்றால் என்ன? கொடுத்த அளவு மிகக் கூடிவிட்டது, அல்லது மிகக் குறைந்துவிட்டது. எது என்று அது சொல்லாது.

கம்பனி ஆட்கள் வந்து சோதித்தார்கள். அவர்களுக்கு 54 வரவே இல்லை. மின்னதிர்ச்சியாக இருக்கலாம் என்றார்கள். வெளியிலிருந்து வந்த பொறியியலாளர்கள் பார்த்து, அதற்கு வாய்ப்பில்லை என்றார்கள். ஏப்ரல் 7 இல் மெஷினைத் திரும்ப ஓடவிட்டார்கள். ஏப்ரல் 11 இல் இன்னொருவர். அவர் மூன்று வாரம்தான் இருந்தார். இயக்குநர் அதே ஆள்.

இங்கேதான் அந்த நிலையத்தின் பௌதிகவியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர் நம் கையேட்டுக்கு நேர் எதிரான காரியம் ஒன்றைச் செய்தார். மெஷினை மூடினார். இயக்குநரைப் பக்கத்தில் இருத்தி, என்ன தட்டினாய், எந்த வரிசையில் தட்டினாய் என்று திரும்பத் திரும்பச் செய்துபார்த்து 54 ஐ வேண்டுமென்றே வரவழைத்தார். கம்பனியிடம் சொன்னபோது அவர்களுக்கு அப்போதும் வரவில்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் வந்தது. புதிய ஆளாக இருந்து விரல்விட்டுத் தேடித் தட்டியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வேலை நன்றாகத் தெரிந்த கைக்குத்தான் அந்தக் குழி வெட்டப்பட்டிருந்தது. “இயக்கியவர் பிழை” என்று ஒற்றை வரியில் அறிக்கை எழுதுகிறவர்கள் இதை ஒருக்கா யோசிக்கலாம்.

நான்காம் பாடம்: டேப் ஒட்டுங்கள்

இந்தப் பாடத்தை நான் கற்பனை செய்து எழுதியதாக நினைப்பீர்கள். பொறுப்பில்லை. இரண்டாவது டைலர் சம்பவத்துக்குப் பிறகு கம்பனி மெஷின் வாங்கியவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. உடனடித் தீர்வு இதுதான்: அம்பு விசையின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே தொடுகிற இடம் தொடாதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கோடிக்கணக்கான ரூபா மெஷினுக்கு, பஸாரில் நூறு இருநூறுக்கு விற்கிற டேப். கல்முனையில் எந்த ரிப்பேர் கடை பாஸும் இதைவிடக் கூடுதலாக ஏதாவது செய்திருப்பார் என்பது என் நம்பிக்கை.

டேப்பும் உதவவில்லை. 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் யகிமாவில் வேறொரு பிழை ஆளைத் தாக்கியது. உள்ளே ஒரு கணக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடும். 255 வரைதான் அதற்கு இடம். அடுத்தது 0. அந்த மென்பொருளுக்கு 0 என்றால் ‘எல்லாம் சரி, பார்க்கத் தேவையில்லை’. சரியாக அந்தக் கணத்தில் விசையைத் தட்டியவருக்குச் சோதனை இல்லாமலே வழி திறந்தது.

இந்த மென்பொருளை எழுதியது ஒரே ஒருவர். எவ்வளவு சோதித்தீர்கள் என்று மெஷின் பாவிப்போர் கூட்டத்தில் கேட்டபோது, 2,700 மணிநேரம் என்றார் கம்பனியின் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். கிண்டிக் கேட்டபோது, 2,700 மணிநேரம் ‘பாவித்ததை’ச் சொன்னதாக விளக்கினார். சோதித்தவர்கள் நோயாளிகள்.

ஐந்தாம் பாடம்: ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள்

“மச்சான், ஒருக்கா ஓஃப் பண்ணிட்டு ஓன் பண்ணிப் பாருங்க.” இது நம்மூரின் தேசிய மருத்துவம். கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் இது வேலை செய்கிறது. வேலை செய்வதுதான் இதில் உள்ள ஆபத்து.

1991 பெப்ரவரி 25. சவூதியில் தஹ்ரானுக்குப் பக்கத்தில். தம்மாமிலும் அல்கோபரிலும் வேலை செய்துவிட்டு வந்த நம்மூர் ஆட்களுக்குத் தெரிந்த இடம். ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி தடுக்கவில்லை. படைமுகாமில் விழுந்து 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். காரணம் நேரக் கணக்கு. பத்தில் ஒரு விநாடி என்ற எண்ணைக் கொம்பியூட்டர் தன் இரும எண்ணில் முழுமையாக எழுத ஏலாது. வாலை வெட்டிவிட்டு வைத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட துண்டு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் அந்தத் தொகுதியை 100 மணிநேரம் நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார்கள். அதற்குள் பிழை விநாடியில் மூன்றில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் போய்விடும். பேட்ரியட் வானத்தில் பிழையான இடத்தைப் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது.

இப்படி ஆகும் என்று இஸ்ரேல் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தது. ‘மிக நீண்ட நேரம்’ ஓடவிட்டால் சிக்கல் வரலாம் என்று பாவிப்பவர்களுக்கு அறிவித்தலும் போனது. எத்தனை மணிநேரம் என்றால் ‘மிக நீண்ட நேரம்’? அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஓஃப் பண்ணி ஓன் பண்ணியிருந்தால் கணக்கு 0 இலிருந்து தொடங்கியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், 26 ஆம் திகதி.

போயிங் 787 பற்றி 2015 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. அந்த விமானத்தின் மின்பிறப்பாக்கிகளை ஆளும் மென்பொருளில் நேரத்தை நூறில் ஒரு விநாடிகளாக எண்ணும் கணக்கு ஒன்று இருந்தது. 248 நாள் தொடர்ந்து மின்சாரம் ஓடினால் கணக்கு நிரம்பி, எல்லாப் பிறப்பாக்கிகளும் ஒன்றாகக் கைவிடலாம். ஆகவே அதற்குமுன் ஓஃப் பண்ணி ஓன் பண்ண வேண்டும் என்றது உத்தரவு. நம் மச்சான் சொல்வதற்கும் இதற்கும் ஒரேயொரு வித்தியாசம். ஏன் என்றும், எப்போதென்றும், அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆறாம் பாடம்: இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்

சுருக்கமாக முடிக்கலாம். 1996 ஜூன் 4 இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் தன் முதல் பயணத்தில் 40 விநாடி கூடத் தாக்குப்பிடிக்காமல் வெடித்தது. ஏரியன் 4 இல் நன்றாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ரொக்கெட்டின் வேகம் கூட. ஓர் எண் அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. வழிகாட்டும் கொம்பியூட்டர் நின்றது. கைவசம் இன்னொன்று இருந்தது. அதற்குள்ளும் அதே மென்பொருள், அதுவும் நின்றது.

போயிங் 737 மேக்ஸில் இன்னும் சிக்கனம். மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் ஒரேயொரு உணரியின் பேச்சைக் கேட்டது. அப்படி ஒன்று இருப்பதே விமானிகளின் கைநூலில் இல்லை. 2018 ஒக்டோபரில் இந்தோனேசியா, 2019 மார்ச்சில் எத்தியோப்பியா, 346 உயிர்கள்.

கரையோரத்துச் சனத்துக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன, சரி. ஆனால் கோபுரத்தின் சைரன் ஒன்று, தொலைபேசியில் வரும் செய்தி ஒன்று, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மனிதர் ஒருவர் சொல்வது ஒன்று என்று வேறு வேறு வழியில் செய்தி வந்தால்தான் ஒன்று ஊமையானாலும் மற்றது பேசும்.

ஏழாம் பாடம்: எண்ணைப் பாருங்கள், அலகைப் பார்க்காதீர்கள்

இது வீட்டுப் பாடம். சீனி வருத்தம் இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு. மீற்றர் எங்கிருந்தெல்லாமோ வருகிறது. லண்டனிலிருந்து மருமகன் அனுப்பியது, கட்டாரிலிருந்து மகன் கொண்டுவந்தது, கல்முனையில் வாங்கியது. இரத்தச் சீனியை இரண்டு அலகில் அளக்கிறார்கள். நம் டொக்டர்மார் வழமையாகச் சொல்வது டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. இங்கிலாந்தில் லீற்றருக்கு மில்லிமோல். மில்லிமோல் கணக்கை மில்லிகிராம் கணக்காக்க 18 ஆல் பெருக்க வேண்டும்.

சில மீற்றர்களில் அலகை மாற்றும் வசதி மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. நேரம் திருத்தப் போய் அலகை மாற்றிவிட்டவர்கள் உண்டு; கீழே விழுந்தே மாறியதும் உண்டு. 2005 இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. திரையில் 11.5 என்று வருகிறது என்று வையுங்கள். கண் மங்கிய மூத்தம்மாவுக்குப் புள்ளி தெரியாது. “115, நல்லம்” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் தொதல் எடுத்துக்கொள்வார். உண்மையில் அது 207.

ஆஸ்பத்திரி வார்டில் மருந்தை அளந்து ஏற்றும் பம்புகளிலும் இதே குடும்பத்துப் பிழைகள். 2005 முதல் 2009 வரையான 5 ஆண்டில் அந்த நிர்வாகத்துக்கு இந்தப் பம்புகள் பற்றி வந்த முறைப்பாடுகள் சுமார் 56,000. ஒரு தடவை அழுத்திய விசையை இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொண்ட பம்பும் அதில் ஒன்று. 5 என்று அழுத்தினால் 55 என்று எடுத்துக்கொள்கிற ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாதி என்ன செய்வார்?

சேரக்கூடாத கூட்டம்

கையேட்டின் நல்ல மாணவர்கள் சிலரோடு பழகாமல் இருப்பது நல்லது. பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட இஸ்ரோக்காரர்கள் அப்படிப்பட்ட கூட்டம்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2 இன் விக்ரம் என்ற தரையிறங்கி நிலாவில் மோதி நொறுங்கியது. அதன் பிறகு அவர்கள் ‘அப்படி நடக்கவே ஏலாது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உட்கார்ந்து கிண்டினார்கள். இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைச் சரிக்கட்ட விக்ரம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருள் ஒரு கட்டுப் போட்டிருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீற்றருக்கு 500 மீற்றர். இவ்வளவையும் இஸ்ரோவுக்கு அடுத்துத் தலைவராக வந்த சோமநாத் வெளிப்படையாகவே சொன்னார்.

சந்திரயான்-3 இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்று கேட்காமல், எது எது பிழைக்கும், பிழைத்தால் எப்படி இறங்கும் என்று கேட்டார்கள். உணரி பிழைத்தால், இயந்திரம் பிழைத்தால், கணக்குப் பிழைத்தால் என்று ஒவ்வொன்றாக. கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகத்தை அளக்கப் புதிதாக ஒரு லேசர் கருவி வைத்தார்கள், இறங்கும் இடத்தைப் பல கிலோமீற்றராக விரித்தார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்துப் பிள்ளை, வீரமுத்துவேல். 2023 ஓகஸ்ட் 23 மாலை 6.04 க்கு விக்ரம் நின்ற நிலையில் இறங்கியது.

ஒலுவிலில் படிக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கெட்டுப்போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பாடம்: வாயைத் திறக்காதீர்கள்

மேலே சொன்ன அத்தனையும் வெற்றிகரமாக நடக்க ஒன்று அவசியம். பாதிக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அறியக் கூடாது. டைலர் நிலையத்தார் கேட்டபோது, தெராக்-25 ஆல் வேறெங்கும் அளவு மீறியதாகத் தாங்கள் அறியவில்லை என்றே கம்பனி சொன்னது. அதற்குள் மரியெட்டாவில் வழக்கே போட்டாயிற்று. பௌதிகவியலாளர்கள் தங்களுக்குள் தொலைபேசியில் பேசத் தொடங்கி, பாவிப்போர் கூட்டமொன்றை அமைத்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் நெருக்கிய பிறகுதான் 1987 இல் தனிப் பூட்டுகளைத் திரும்பப் போட ஒப்புக்கொண்டார்கள். தெராக்-20 இல் முதலிலேயே இருந்ததைப் போன்ற பூட்டுகள்.

ஆகவே கையேட்டை மூடிவைத்துவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். மருந்தோ மின்சாரமோ கொடுக்கும் எந்த மெஷினாவது எதிர்பாராததைச் செய்தால், ஓஃப் பண்ணும் முன் திரையை ஃபோனில் ஒரு படம் எடுங்கள். திகதி, நேரம், மெஷினின் மாதிரி எண், அதற்கு முன் நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதுங்கள். மருத்துவக் கருவி என்றால் டொக்டரிடம் கொடுங்கள். இலங்கையில் 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருப்பது மருந்துக்கு மட்டுமில்லை, கருவிகளுக்கும்தான். கடையில் வாங்கிய வீட்டுச் சாமான் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. பக்கத்து வீட்டில் அதே மெஷின் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். “உங்களுக்கு மட்டும்தான் இப்படி” என்று யாராவது பதில் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.